பஸ்ஸுக்கு முன்னால் போன செய்தி

நாலு பேர் எதிரில் வாய் திறந்து பேச எனக்கு வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் பாதிக் காரணம் அதுதான். அப்படிப்பட்ட நான் தொண்ணூறுகளில் ஒரு நாளிதழுக்குத் தொண்டாமுத்தூர் பகுதி நிருபராக இருந்தேன் என்றால் என் மகள் நம்புவதில்லை. யாரிடமும் கேள்வி கேட்காமல் எப்படிச் செய்தி எழுதினீர்கள் என்கிறாள்.

கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பஸ் ஸ்டாப் அருகில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஊரில் என்ன நடந்தாலும் யாராவது ஒருவர் போன் செய்ய அங்கே வந்துதான் ஆக வேண்டும். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் கத்திப் பேசுவது வெளியே எனக்கு நன்றாகக் கேட்கும். கிணற்றில் மாடு விழுந்தது, யானை வாழையைத் தின்றது, பஞ்சாயத்தில் குடிநீர் வராதது எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். வெள்ளைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, மேலே 'நியூஸ், அவசரம்' என்று எழுதி, மூன்றரை மணிக்குக் கோவை உக்கடம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பேன். உக்கடத்தில் பத்திரிகை அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார்.

அந்தக் கண்டக்டர் கவரை வாங்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஏனுங்ணா, இன்னிக்கு யாரைக் கொன்னீங்க?"

நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் கேட்டதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. விபத்துச் செய்திகளில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது பேச்சு மூச்சில்லாமல் வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோனால், 'உயிருக்குப் போராடுகிறார்' என்று எழுத மாட்டோம். இறந்துவிட்டார் என்றே எழுதி அனுப்பிவிடுவோம். பேப்பர் மறுநாள் காலையில்தானே வரப்போகிறது. மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்குச் செய்தியே இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் விசாரித்து, ஆள் பிழைத்திருந்தால் எட்டு மணிக்குள் போன் செய்து மாற்றச் சொல்வோம். எட்டு மணிக்குத்தான் எங்கள் பக்கத்தை முடிப்பார்கள். செய்தி ஆசிரியரே சொல்லிக்கொடுத்த முறை இது. எத்தனையோ பேரை மூன்றரைக்குச் சாகடித்து ஏழு மணிக்குப் பிழைக்க வைத்திருக்கிறேன். அச்சில் ஒரு முறைகூடத் தவறாக வந்ததில்லை.

அந்த நாளில்தான் எங்கள் பத்திரிகை இன்டர்நெட்டிலும் வர ஆரம்பித்திருந்தது. அலுவலக மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். காலையில் அச்சில் வந்ததில் முக்கியமான நாலைந்தை எடுத்து மறுபடி டைப் செய்து போடுவார். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் அந்த மாணவி வந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் இதழியல் படித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பு. எங்கள் செய்தி ஆசிரியர் அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு ஒரு மத்தியானம் பூத்துக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, நெசமாவே பஸ்லயா நியூஸைக் குடுத்துவிடுவீங்க?"

"ஆமாங்க."

"கண்டக்டர் மறந்துபோட்டாருன்னா?"

"மறக்க மாட்டாருங்க."

அதற்கு மேல் அவளே பேசினாள். ஒரே ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து போக வேண்டும், அது நடந்தது எத்தனை மணிக்கு, என்னிடம் வந்தது எத்தனை மணிக்கு, அச்சில் வந்தது எப்போது, இன்டர்நெட்டில் வந்தது எப்போது என்று குறிக்க வேண்டும், அதுதான் தன் ப்ராஜெக்ட் என்றாள்.

"அடுத்து ஒரு பெரிய நியூஸ் வந்துதுன்னா, கவர்ல போடறதைப் போட்டுட்டு, எனக்கும் போன்ல அப்படியே படிச்சிருங்ணா. மாடி ரூம்லதான் இருப்பேன். நானே டைப் பண்ணிக் குடுத்தர்றேன், உடனே நெட்ல போட அங்க இருக்கறவர்கிட்டச் சொல்லிருக்கேன். எது முந்துதுன்னு பாக்கலாம்."

பந்தயம் மாதிரி சொன்னாள். சரிங்க என்றேன். அவள் கேட்டது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதுவரை என் செய்தி எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

நாலாம் நாள் அந்தச் செய்தி வந்தது. ராத்திரி மலையிலிருந்து இறங்கிய ஒற்றை யானை திரும்பிப் போகாமல் சோளக்காட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அது தெரியாமல் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போன கூலித் தொழிலாளியைத் தூக்கி வீசிவிட்டது. எனக்குத் தெரிந்தவர்தான், ஐம்பதைத் தாண்டியவர். பால் வண்டியில் கிடத்திக் கொண்டுபோனபோது என் பூத்தைத் தாண்டித்தான் போனார்கள். உடம்பில் அசைவே இல்லை. பின்னால் வந்த ஒருவர், "முடிஞ்சுதுங்க, சும்மா கொண்டு போறாங்க" என்றார்.

நான் எப்போதும் எழுதுகிற மாதிரி எழுதினேன். 'காட்டு யானை தாக்கிக் கூலித் தொழிலாளி பலி.' பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டேன். மூன்றரை மணி பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிட்டு, வந்து போனை எடுத்து அவளுக்குப் படித்தேன். எட்டு மணிக்குள் மாற்ற வேண்டி வரலாம் என்று அவளிடம் சொல்லவில்லை. இதை யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவளுக்கு மட்டும் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நாலரை மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"போட்டாச்சுங்ணா. நாலு பத்துக்கே வந்திருச்சு. உங்க பஸ் பேரூரைத் தாண்டியிருக்காது."

குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஆறு மணிக்குத் தொழிலாளியின் மைத்துனர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "உசுரு இருக்குதுங்க. விலா எலும்பு நாலு போச்சு, தொடையும் முறிஞ்சிருக்குது. ஆனா தப்பிச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

உடனே அலுவலகத்துக்கு போன் செய்தேன். செய்திப் பிரிவில் இருந்தவர், "சரி, 'படுகாயம்'னு மாத்திர்றேன்" என்றார். அவருக்கு இது தினப்படி வேலை.

"மாடியில போட்டதுங்க?"

"அவரு அஞ்சரைக்கே பூட்டிட்டுப் போயிட்டாரே. காலைல பத்து மணிக்குத்தான் வருவாரு."

"கீழ இருந்து எடுக்க முடியாதுங்களா?"

"எனக்கு அந்த மௌஸைப் புடிக்கவே தெரியாதுப்பா. விடு, அதை எவன் பாக்கப் போறான்."

மாடி ஆளின் வீட்டில் போன் இல்லை. அவளுடைய ஹாஸ்டலுக்குப் போட்டேன். ஆறு மணிக்கு மேல் ஆண்கள் கூப்பிட்டால் பிள்ளைகளைக் கூப்பிட மாட்டோம் என்று வார்டன் வைத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வைத்துவிட்டார், மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுத்ததும் அந்த இரைச்சலிலேயே வெளிநாடு என்று தெரிந்துவிட்டது. தொழிலாளியின் மகன். சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலைக்குப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பூத்துக்குத்தான் கூப்பிடுவான். நான் ஆள் அனுப்பி அவன் அப்பாவையும் அம்மாவையும் வரவழைப்பேன். அன்று ஞாயிறு இல்லை.

"அண்ணா, எங்கப்பன் போயிட்டாருங்களா?"

அவனுடைய பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதும் தமிழர் தினமும் சாயங்காலம் நம் ஊர்ச் செய்திகளைப் பார்ப்பாராம். பெயரைப் பார்த்து அவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

"இல்லப்பா. உசுரோட இருக்காரு. அடி பட்டிருக்குது. ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க."

"அம்மாவைக் கூப்புடுங்ணா."

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கப்பா."

"மாமன்?"

"எல்லாருமே அங்கதான்."

அதையும் கேட்டுக்கொண்டான். பிறகு அவன் நிதானமாகச் சொன்னான். "பெரியப்பன் செத்தப்பவும் நீங்க இப்படித்தானுங்ணா சொன்னீங்க."

அவன் திருப்பூரில் வேலை பார்த்தபோது, பெரியப்பா இறந்த செய்தியைச் சொல்ல அவன் முதலாளிக்குப் போன் செய்தவன் நான்தான். 'கொஞ்சம் சீரியஸா இருக்காரு, உடனே வரச் சொல்லுங்க' என்றேன். எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருப்பவர்களுக்கு யாரும் சாவைப் போனில் சொல்வதில்லை. வழியில் அழுதுகொண்டு வருவார்கள், விழுந்து கிழுந்து விடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் சொல்வோம். கேட்பவருக்கும் அது புரிந்துவிடும். அப்படிச் சொல்லச் சொல்லி என் பூத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். இப்போது ஒருவர் உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அதைச் சொல்ல என்னிடம் இருந்தது அதே வார்த்தைகள்தான்.

"சத்தியமா உசுரோட இருக்காருப்பா. அந்த நியூஸை எழுதுனதே நான்தான். தப்பா எழுதிப்போட்டேன்."

"உங்க பேப்பர்லயே போட்டிருக்குதுங்ணா."

"அது பேப்பர் இல்லப்பா. அதுக்கு முன்னால போட்டது..."

எப்படி விளக்குவது என்று நான் தடுமாறினேன். எட்டு மணிப் பழக்கம், மாடி அறை, பூட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லத் தெரியாமல் திக்கினேன். நான் திக்கியதே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

"நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லுங்ணா" என்றான். போன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. அவன் எண் என்னிடம் இல்லை. எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். கூப்பிட்டால்தான் உண்டு. ஒன்பது மணி வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை.

மறுநாள் காலை பேப்பரில் 'யானை தாக்கித் தொழிலாளி படுகாயம்' என்று சரியாக வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு அந்தப் பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். மாடி ஆள் வந்ததும் அந்தச் செய்தியை எடுக்க வைத்துவிட்டாளாம். "எடுத்தாச்சுங்ணா, இப்ப இல்லீங்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்நேரம் தொழிலாளியின் மகன் சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். உக்கடத்தில் இறங்கி ஊருக்கு வரும் வழியில் யாரோ சொல்லி, அப்படியே பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறான். நான் போனபோது வாசல் டீக்கடையில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைத் திட்டுவான் என்று பயந்துகொண்டு போனேன். எனக்கும் ஒரு டீ சொன்னான்.

"ஆறு மாசத்துக்குள்ள லீவு கெடையாதுங்ணா. கேட்டேன். போறதுன்னா கணக்கை முடிச்சுட்டுப் போன்னுட்டாங்க. வொர்க் பெர்மிட்டைக் கேன்சல் பண்ணித்தான் விட்டாங்க. அப்பன்கிட்டச் சொல்லிறாதீங்க."

நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த மன்னிப்பைக் கேட்காமலே அவனோடு வார்டுக்குப் போனேன்.

உள்ளே வேறொரு தொல்லை. மகனைப் பார்த்ததிலிருந்து அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சிங்கப்பூரிலிருந்து பையனை வரவழைத்திருக்கிறார்கள் என்றால் தன் கதை முடிந்தது, டாக்டர் கைவிட்டதைத்தான் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். மனைவி சொல்லியும் கேட்கவில்லை, டாக்டரே வந்து சொல்லியும் கேட்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணாச் சேந்து பேசறீங்க" என்றார். "என்ரகிட்ட எதுக்கு மறைக்கறீங்க. கொண்டு போய் ஊட்லயே போடுங்க."

அந்த மாணவியும் அன்று வந்திருந்தாள். நோட்டைத் திறக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டில் கால்மாட்டில் நின்றாள். என்னிடம் மெதுவாக, "ப்ராஜெக்ட்ல இதை எப்படிங்ணா எழுதறது?" என்று கேட்டாள். அவள் கேட்ட நேரக் கணக்கு எல்லாம் அந்த நோட்டில் இருந்தது, சரியாகவும் இருந்தது.

அவரை நம்ப வைக்க அவன் அம்மாதான் ஒரு வழி கண்டார். மகனின் பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். லீவு கேட்பதற்காகக் கணக்கர் அந்தச் செய்தியை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். இன்டர்நெட்டில் வந்த என் செய்தியை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

"நீங்கதானுங்க எழுதுனீங்க. நீங்களே படிச்சுக் காட்டுங்க. எதுக்கு ஓடியாந்தான்னு அவருக்குத் தெரியட்டும்."

அந்த வார்டில் இருபது கட்டில் இருக்கும். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எழுந்து நின்று நான் படித்ததில்லை. அவருடைய பெயரை, வயதை, ஊரை, அவர் பரிதாபமாக இறந்தார் என்பதை, உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது என்பதை அவர் முகத்துக்கு நேராகப் படித்தேன். பிரேதப் பரிசோதனை வரியை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. எப்போதும் கடைசியில் சேர்க்கிற வரி அது.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலும் கீழும் பார்த்தார்.

"இதைப் பாத்துட்டுத்தான் வந்தானா?"

"ஆமாங்க."

"அப்ப டாக்டர் கைவிடலையா?"

"இல்லீங்க. பொழச்சுக்குவீங்க."

"அச்சுலயே போட்டிருக்குதே. பையன் எப்படி நம்பாம இருப்பான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. மனைவியிடம் கஞ்சி கேட்டார். நாலு வாய் குடித்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"சரி, எப்பத் திரும்பிப் போற?"

"அடுத்த மாசம்ப்பா. லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் அவனை நம்பவில்லை. தாளை இன்னும் கையில் வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "நெசந்தானுங்களா தம்பி?" என்று கேட்டார்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தலையாட்டினேன்.