மரஆலைச் சண்டையும் மீன் சந்தைச் சண்டையும்

ஒரு சீன நடிகனின் சண்டைப் படங்களில் எந்தச் சண்டை திறம் என்று பள்ளிக்கூடக் காலந்தொட்டு நானும் அண்ணனும் வாதாடி வந்தோம். நான் மீன் சந்தைச் சண்டையின் பக்கம். காட்சியை எங்கும் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்திருப்பார்கள். அதில் அவன் ஒருதரம்கூட விழமாட்டான். அண்ணனுக்கு அது வெறும் ஆட்டம். அவருக்கு மரஆலைச் சண்டைதான். அதில் அவன் அடி வாங்கி, மரத்தூளில் குப்புற விழுந்து, ஒரு கையை ஊன்றி எழும்புவான்.

"அடிக்க எவனுக்கும் ஏலும். இவன் எழும்புறதப் பாருடா" என்பார்.

போன வருசம் கல்லடிக் கடற்கரையில் வலை இழுக்கும்போது அண்ணன் சரிந்து விழுந்தார். வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற புத்திசாலிகள் பேய்க்காத்து அடித்துவிட்டது என்று மந்திரித்து நூல் கட்டக் கொண்டுபோனார்கள். பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அங்கே போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் நடக்க வைத்திருக்கலாம் என்றார் டொக்டர். அந்த ஆட்களைக் கண்டால் இப்பவும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று அவருடைய கட்டிலில் பக்கத்தில் குந்தியிருந்து, போனில் மரஆலைச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். அவன் மரத்தூளில் விழுந்ததும் அண்ணன் இடது கையால் திரையைப் பொத்தினார்.

"உன்ட மீன் சந்தைச் சண்டையப் போடு" என்றார், நாக்குக் குழற. "அதுதான் திறம்."