லொறி குடித்த இலுப்பெண்ணெய்

மழையில் நனைந்த வெங்காயம். இன்றே சுன்னாகம் சந்தைக்குப் போகாவிட்டால் அழுகிவிடும். தானாகக் கியர் மாறும் அப்பாவின் பழைய லொறியோ, ஒவ்வொரு முறை மாறும்போதும் எங்களைத் தூக்கிப் போட்டது. பெரிய தெருவை எட்டாமல் ஒழுங்கையிலிருந்தே வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக் கேட்டார், "அண்ணை, கியர்ப் பெட்டிக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"எண்ணெய்தான்."

அவர் பெட்டிக்குள்ளிருந்து உருவிய எண்ணெய் அளவுக் கம்பியை அம்மா வாங்கி மணந்து பார்த்தா. "உது கோயில் விளக்குக்கு வைச்ச இலுப்பெண்ணெயெல்லோ."

"இந்தத் தட்டுப்பாட்டுக்குள்ளை கடையளிலை ஒண்டும் இல்லையப்பா," என்றார் அப்பா மெதுவாக.

மெக்கானிக் அதை வடித்துவிட்டு, தான் பொத்தி வைத்திருந்த, அந்தக் கியருக்கான எண்ணெயை ஊற்றினார். லொறி பூனைபோலச் சந்தைக்குப் போனது.

அம்மா இன்னும் அப்பாவோடு கதைக்கவில்லை. ஆனால் ஒளித்து வைத்த சீனியில் அவருக்கு மட்டும் தேநீர் வந்தது.

வடித்த எண்ணெய் வாளியில் இருக்கிறது. பிள்ளையாருக்கு விளக்கேற்றலாம் என்கிறார் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?