சாத்திய கதவுக்குள் நால்வர்

எங்கள் கோயிலில் குருத்தோலை ஞாயிறன்று நான்கு பையன்களுக்குத்தான் மவுசு. ஐம்பதுகளின் தொடக்கம் அது. பூசையெல்லாம் லத்தீனில் நடக்கும்; நாங்கள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவோம். ஓலை ஏந்திய ஊர்வலம் திண்டுக்கல் தெருக்களைச் சுற்றித் திரும்பும்போது கோயில் கதவு சாத்தியிருக்கும். பாட்டுக்குழுவில் நால்வர் மட்டும் உள்ளே நின்று அடியடியாகப் பாட, வெளியே நிற்கும் சாமியாரும் மற்றவர்களும் பதில் பாடுவார்கள். கடைசியில் சிலுவைக் கம்பின் அடிப்பக்கத்தால் தட்டினால்தான் கதவு திறக்கும்.

அந்த வருடம் கடைசி அடியைத் தனியாகப் பாடும்படி பாட்டு வாத்தியார் என்னிடம் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? விடுதியிலிருந்து எங்கள் ஊர் எரியோட்டுக்கு, அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பதில் வந்தது.

தவக்காலத்தின் பாதியில் என் குரல் உடைந்தது. குரல் உடைந்தவன் தன் சிவப்பு அங்கியைத் துவைத்து மடித்து ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்வது எங்கள் குழுவின் வழக்கம். வாத்தியார் கேட்க மாட்டார், நாமே வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. பச்சை முட்டை குடித்தேன், சித்தரத்தை மென்றேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று புளுகிவிட்டு ஒத்திகையில் வெறுமனே வாயசைத்தேன். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு மட்டும் விஷயம் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவரின் மகன் அவன்.

"ஏலே, அன்னைக்கு என்ன செய்வ?" என்றான்.

"அன்னைக்கு வந்துரும்டா."

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன், மடையன்.

குருத்தோலை ஞாயிறும் வந்தது; கதவைச் சாத்தினார்கள். உள்ளே அரையிருட்டில் நாங்கள் நால்வரும், கதவைத் திறக்கக் காத்திருந்த கோயில்பிள்ளையும்தான். மற்ற அடிகள் முடிந்து என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வெளியே அம்மா நிற்கிறாள் என்ற நினைப்பில் அழுகை முட்டியது. கூட்டாளி சட்டென்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அடியை அவனே பாடினான். எவ்வளவு நல்ல குரல் அவனுக்கு! அன்று எனக்கு அது பொறாமையாகக்கூட இல்லை.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எம்மருமகன் என்னமாப் பாடுறான்! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

கூட்டாளி கூசாமல், "ஆமாத்தை, இவந்தான் பாடினான்" என்று சாட்சி சொன்னான்.

அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். நற்கருணை வாங்குவதற்காக முந்தின இரவிலிருந்து நாங்கள் வெறும் வயிறு. முதல் பணியாரத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பாடின தொண்டை காஞ்சிருக்கும். மொதல்ல நீ தின்னு, அப்பு."

அவன் திருதிருவென்று என்னைப் பார்த்தான். அம்மா அடுத்ததை என் வாயில் ஊட்டிவிட்டாள்.

"உங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் குரல் ஒடஞ்சுச்சாம். இதுக்குப் போயி எதுக்கு ராசா பயந்துக்கிட்டுக் கெடந்த?"

வாய் நிறையப் பணியாரத்தோடு, அத்தை பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல், நான் விம்மி விம்மி அழுதேன்.