நானூறு ரூபாய் வீடு

சிதம்பரத்தில், அம்மாபேட்டைப் பக்கம், நானூறு ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்றால் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 2007-இல் அதே சந்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆயிரத்து இருநூறு. அறிவுமதி விவரம் தெரியாதவள் இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தாள், ஒழுகவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள், தண்ணீர் வந்தது. பிறகு வீட்டுக்காரி ராஜாமணியிடம் நேராகவே கேட்டுவிட்டாள், இங்கே யார் செத்தது என்று.

ராஜாமணி ஒன்றையும் மறைக்கவில்லை. முன்பு குடியிருந்தவனின் பெண்டாட்டி, ரேகா என்று பெயர், இருபத்திரண்டு வயது. அடுப்பங்கரையில்தான் உயிரை விட்டாள். தானாகத் தேடிக்கொண்ட சாவு. கருமாதி முடிந்த கையோடு புருஷன் திருப்பூர் பக்கம் போய்விட்டான். அப்புறம் மூன்று குடும்பங்கள் வந்தன, ஒன்றும் நிலைக்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் போ என்கிற தோரணையில் சாவியை நீட்டினாள். அறிவுமதி வாங்கிக்கொண்டாள்.

வாங்காமல் என்ன செய்வாள்? இருபத்தாறு வயதில், நாலு வயது மகள் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு டி.பார்ம் படிக்க வந்தவள். இரண்டு வருஷப் படிப்பு, முடித்தால் மருந்துக்கடையில் உட்கார்ந்து பார்க்கிற நிரந்தர வேலை. கணவன் ராஜவேல் கடலூரில் பழைய வேன் ஒன்றை ஃபைனான்சில் எடுத்து ஓட்டினவன். தவணை தவறியதும் ஃபைனான்ஸ்காரன் வேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வேனுக்கு முன்பணம் கட்டுவதற்காக வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கின கடன் மட்டும் எங்கும் போகாமல் இவர்களிடமே தங்கிவிட்டது. இப்போது அவன் கடலூரை அடுத்த குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. அங்கேயே நாலு பேரோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவான். சம்பளத்தில் பாதி வட்டிக்கே சரியாகிவிடும். இந்தப் படிப்பை முடித்தால் கரையேறலாம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மிச்சம் பிடிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பால் கால் லிட்டர், அது பொன்னிக்கு மட்டும். தனக்கு வரக்காப்பி. ஒரு தடவை வைத்த குழம்பு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வரும். புத்தகமெல்லாம் சீனியர் பெண்களிடம் வாங்கினது. கல்லூரிக்கு நடை. எதையெல்லாம் குறைக்க முடியுமோ அதையெல்லாம் குறைத்தாயிற்று, வாடகை ஒன்றைத்தான் குறைக்க முடியாது என்று நினைத்திருந்தாள். அதை ரேகா குறைத்துக் கொடுத்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. முதல் ஒன்றிரண்டு மாதம் பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்து அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிடுவாள். தண்ணீர்க் குடத்தைக்கூட முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். அப்புறம் பரீட்சைப் பயமும் வட்டிக்காரன் பயமும் சேர்ந்து பேய்ப் பயத்துக்கு இடம் இல்லாமல் பண்ணிவிட்டன. ஒரு வருஷம் ஓடிற்று. ஒரு சத்தம் இல்லை, ஒரு நிழல் இல்லை. ரேகா என்ற பெண் அந்த வீட்டில் இருந்தாளா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு வீடு சும்மா கிடந்தது.

வினை அங்கேதான் வந்தது. மறு வருஷம் ஆடி மாதம் ராஜாமணி வந்து, நீங்கள்தான் நன்றாக இருக்கிறீர்களே, இனிமேல் இது சாதாரண வீடுதானே என்றாள். பாங்க்கில் வேலை பார்க்கிற ஒரு குடும்பம் ஆயிரத்து இருநூறு தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் அந்த வாடகையைக் கொடு, இல்லாவிட்டால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாள். அறிவுமதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாதம் எண்ணூறு ரூபாய் கூடுதலாகப் போனால் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் முதல் பொய்யைச் சொன்னாள். அதையும் யோசித்துத்தான் சொன்னாள். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் என்று சினிமாவில் வருவதைச் சொன்னால் குழாயடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சின்னதாக ஒன்றைச் சொன்னால்தான் நம்புவார்கள். அதனால், அடுப்பங்கரையில் யாரோ சொம்பால் தண்ணீர் மொள்ளுகிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஒரு வாரம் விட்டு, கொஞ்சம் பலமாக இருக்கட்டும் என்று இன்னொன்றைச் சேர்த்தாள்.

"அம்மான்னு மெல்லக் கூப்புட்டுச்சுக்கா. எம் பொண்ணுதான்னு திரும்பிப் பாக்குறேன், அது பால்வாடியில இருக்குது."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. பாங்க்காரர் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது. ராஜாமணி வாடகைப் பேச்சை அத்தோடு விட்டாள். அறிவுமதிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொன்னி மட்டும் யார் வாயிலோ கேட்டுவிட்டு வந்து, அடுப்பங்கரைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சந்துக்குக் கடலூர் முதுநகரிலிருந்து கருவாடு விற்க ஒருத்தி வருவாள். பேச்சு அவள் கூடையில் ஏறி முதுநகர் போய்ச் சேர்ந்தது. அடுத்த தை அமாவாசை அன்று மத்தியானம், ஐம்பது வயதிருக்கும், ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் மாரியம்மாள், அவளும் கருவாடு விற்கிறவள்தான். ரேகாவைப் பெற்றவள்.

"எம் பொண்ணு அம்மான்னு கூப்புடுதாமே. செத்த நேரம் உள்ள ஒக்காந்துட்டுப் போறேம்மா" என்றாள்.

அறிவுமதி அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், மறுநாள் ராஜாமணி வந்து நிற்பாள், பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

மாரியம்மாள் அடுப்பங்கரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அழவில்லை, பொறுமையாகக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத் தானாகவே பேச ஆரம்பித்தாள். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ரேகா முதுநகருக்கு வந்திருக்கிறாள். மகளிர் குழுக் கடனுக்குக் கட்ட இரண்டாயிரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பணம் மாரியம்மாளின் சுருக்குப்பையில் இருந்தது, மறுநாள் சரக்கு எடுக்க வைத்திருந்தது. என்னிடம் ஏது, உன் புருஷனைக் கேள் என்று சொல்லிவிட்டாள். பெண் எழுந்து போய்விட்டாள். போட்ட சோற்றைக்கூடத் தொடவில்லை.

"பை இடுப்புலதான் இருந்துச்சு. அவ பாத்துட்டாம்மா. இருந்தும் இல்லன்னு சொன்னேன்னு அவளுக்குத் தெரியும். அதுக்குத்தான் கூப்புடுறா" என்றாள்.

போகும்போது இரண்டாயிரத்தை எடுத்து அடுப்பு மேடை மூலையில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். கோபம் தீர்ந்தால் அவளே எடுத்துக்கொள்வாள், அடுத்த அமாவாசைக்கு வந்து பார்க்கிறேன், நீங்கள் யாரும் தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அறிவுமதி அந்த டம்ளருக்குப் பக்கத்திலேயே தினமும் சமைத்தாள். துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ராஜவேலிடம் பணம் இருக்கிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அவன் கைக்கு அரிப்பு வந்துவிடும் என்று. அந்த மாதம் அவனுக்கு ஓவர்டைம் கிடைக்கவில்லை. கல்லூரியில் கடைசித் தவணைக் கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட். கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டாயிற்று, அடகு வைக்கக் காதில் கழுத்தில் ஒன்றும் மிச்சமில்லை. கட்டணத்துக்கு இன்னும் தேவைப்பட்டது இரண்டாயிரத்துக்கும் கொஞ்சம் கீழே.

பிசாசு மாதிரி ஒரு யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. பணம் அப்படியே கிடந்தால் அந்த அம்மாள் வந்து பார்ப்பாள், பெண்ணின் கோபம் தீரவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு போவாள். அடுத்த அமாவாசைக்கும் வருவாள், அதற்கு அடுத்ததற்கும் வருவாள். பணம் இல்லாவிட்டால்? பெண் வாங்கிக்கொண்டாள் என்று மனசு ஆறிப் போவாள். எடுப்பதுதான் புண்ணியம் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது. மாரியம்மாளின் முகம் முதலில் நினைவுக்கு வந்ததா, ஹால் டிக்கெட் முதலில் வந்ததா என்று பின்னாளில் எத்தனையோ முறை தன்னையே கேட்டிருக்கிறாள். ஹால் டிக்கெட்தான் முதலில் வந்தது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் காலையில் டம்ளரைத் தூக்கி நோட்டுகளை எடுத்துக்கொண்டு, டம்ளரைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மாசி அமாவாசைக்கு மாரியம்மாள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். அறிவுமதி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டம்ளரைத் தூக்கிப் பார்த்த மாரியம்மாள், அதற்குள் எட்டிப் பார்த்தாள், மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி அறிவுமதியின் கண்ணையே பார்த்தாள்.

"நீ எடுக்கலியே?"

"இல்லம்மா."

அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் மேடைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பார்த்தால் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. வாங்கிக்கிட்டா, எம் பொண்ணு வாங்கிக்கிட்டா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்னியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு உச்சியில் முத்தமிட்டாள். கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டை முழுவதும் கொடுத்துவிட்டு, இனிமேல் அவள் கூப்பிட மாட்டாள், நீ பயப்படாமல் இரு என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றையிலிருந்துதான் அறிவுமதிக்குக் கேட்க ஆரம்பித்தது. சொம்பால் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். அவளே குழாயடியில் இட்டுக்கட்டிய அதே சத்தம். புத்தகத்தை மூடிவிட்டுக் காதைத் தீட்டுவாள், நின்றுவிடும். திறந்தால் மறுபடி. மனசு செய்கிற வேலை என்று அவளுக்குத் தெரியும், மருந்தைப் பற்றித்தானே படிக்கிறாள். தெரிந்து என்ன பயன்? ஒருநாள் கதவைத் திறந்து வெறும் அடுப்பங்கரையைப் பார்த்து, "பரீட்ச முடியட்டும், குடுத்துடுறேன்" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்துக் கதவைச் சாத்தினாள். யாரிடம் கொடுப்பது என்றும் அப்போதுதான் யோசித்தாள்.

பரீட்சையில் தேறிவிட்டாள். கடலூருக்கே திரும்பி, முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடகைக்குப் பிடித்த வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை, நன்றாக விசாரித்துத்தான் குடிபோனாள். ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் பஸ் ஏறி அவளோடு வந்திருந்தது. முதல் சம்பளத்தில் இரண்டாயிரத்தைத் தனியே எடுத்து வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட் வரைக்கும் போய், கருவாட்டுக் கூடைக்கு முன்னால் மாரியம்மாள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பணத்தைக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். சொன்னால், அன்றைக்கு மேடையில் கிடைத்த மன்னிப்பை இவள் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும். சொல்லாமல் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள்.

வேன் கடன் 2012-இல் ஒருவழியாக அடைந்தது. ராஜவேல் அன்றைக்குக் கோழிக்கறி எடுத்து வந்தான். இனிமேல் நமக்கு ஒரு பைசா கடன் இல்லை என்று பொன்னியைத் தூக்கிச் சுற்றினான். அறிவுமதி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

அந்த வாரமே மாரியம்மாள் கடைக்கு வந்தாள். பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டியவள், ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்து, நீயாம்மா, இங்கேயா இருக்கிறாய் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னி எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டாள். அறிவுமதி ஒரு மாதத்து மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து, காசு வேண்டாம் என்றாள். எப்படியாவது, மாதா மாதம் இப்படியாவது, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

மாரியம்மாள் கேட்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"வேணாம்மா. நான் யாருக்கும் கடன் வச்சிக்கறதில்ல. எம் பொண்ணு ஒருத்திக்குத்தான் பாக்கி இருந்துச்சு, அதையும் அவளே வந்து வாங்கிக்கிட்டா. அதுலேருந்து படுத்தா நல்லாத் தூங்குறேன்."

அறிவுமதி நோட்டைக் கல்லாவில் போட்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு புறப்பட்ட மாரியம்மாள் படியில் நின்று திரும்பி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, கண்ணெல்லாம் உள்ள போயிருக்குதே. ஒனக்குத் தூக்கம் வருதுல்ல?"

"வருதும்மா" என்றாள் அறிவுமதி.