தண்ணீர் ‘த’வும் தனலட்சுமி ‘த’வும்

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. இராஜபாளையத்தில் ஒரு தியேட்டர். நான், என் மனைவி, மகள் மூவரும் படம் பார்க்கப் போனோம்.

சாதாரணப் படம் இல்லை. இருபத்தைந்து வருடமாக நான் மனப்பாடமாக வைத்திருக்கும் மாயாஜால நாவல் ஒன்று படமாகியிருந்தது. ஆயிரம் படி இறங்கினால் கிணற்றுக்கு அடியில் ஒரு ராஜ்யம். அதன் இளவரசி தவளினி.

என் மகளின் பெயரும் தவளினிதான்.

அஞ்சாப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன நான், பேண்டேஜ் கம்பெனியில் கட்டிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெரிய புத்தகம் அது. லைப்ரரி புத்தகம். முதல் பத்துப் பக்கம் கிழிந்து போயிருந்தது. அதனால் என்ன? மிச்சம் அறுநூறு பக்கம் இருந்ததே!

இளவரசி தண்ணீருக்குள்ளும் மூச்சு விடுவாள், தரையிலும் நடப்பாள். தவளை மாதிரி. அதனால்தான் தவளினி என்று நானே அர்த்தம் கண்டுபிடித்து, எழுதியவரின் மூளையை வியந்தும் கொண்டேன்.

மகள் பிறந்தபோது, எஸ்தர், ரூத் என்று எவ்வளவோ நல்ல பெயர்கள் இருக்கின்றனவே என்று சர்ச் பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்றைக்கு மட்டும் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே பிடிவாதம் அது.

பலன்? இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் ‘தவக்களை… தவக்களை’ என்று கத்த, அழுதுகொண்டு வந்தாள். மடியில் உட்கார வைத்துக் கிணற்று ராஜ்யத்தின் கதையைச் சொன்னேன். தண்ணீரிலும் ராணி, தரையிலும் ராணி. மறுநாள் அவளே வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். கேலி நின்றதா என்றால் இல்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது.

சரி, தியேட்டருக்கு வருவோம்.

படம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார். அவரும் நாவலைப் படித்தவர் போல. “ஆயிரம் படிய்யா. நூறுகூட இல்ல, அதுக்குள்ள இறங்கிட்டா,” என்று பக்கத்து சீட்காரரிடம் துக்கம் சொல்வதுபோலச் சொன்னார். நானும் படிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

படித்தவன் ஒவ்வொருவனும் ஏற்கெனவே ஒரு படம் எடுத்து முடித்தவன்தானே? செலவே இல்லாமல், தலைக்குள்ளேயே. என் படத்தில் தவளினிக்கு, எங்கள் கம்பெனியில் அப்போது துணி மடித்த ஒரு பெண்ணின் முகம். அவளையே பிறகு கட்டிக்கொண்டேன்… அதனால் பிரச்சினை இல்லை!

அப்போதுதான் ராஜா மகளைக் கூப்பிட்டார்.

தவளினி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் நான் படித்தது ‘தண்ணீர்’ த. ராஜா சொன்னது ‘தனலட்சுமி’ த. எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்து. நான் என்ன செய்ய?

மனைவி என் பக்கம் சாய்ந்தாள். “என்னங்க, இவிய வேற மாதிரி கூப்பிடுதாக?”

நான் பதில் யோசிப்பதற்குள் மந்திரி விளக்கிவிட்டார். தவளம் என்றால் வெண்மையாம். பிறக்கும்போதே பால் நிறமாக இருந்தாளாம். அதனால் அந்தப் பெயராம். கிழிந்துபோன பத்துப் பக்கத்தில் இருந்தது இதுதானா!

சீட்டில் அப்படியே சரிந்தேன். மகள் பக்கம் திரும்பவில்லை. இருபது வருடம் ஒரு பெண்ணைத் தவளையாக்கி வைத்திருக்கிறேனே… வெளியே போனதும் என்ன கேட்பாள்? பத்துப் பக்கம் போன புத்தகத்தை நம்பியா பேர் வச்சீங்க என்று கேட்டால்?

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கினேன். கேட்கவில்லை. படம் முடிந்தது. கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. “பாப்பா, அப்பா தப்பாப் படிச்சிட்டேன்மா. இனிமே மாத்திக் கூப்பிடணும்னா சொல்லு,” என்றேன்.

அவள் தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம். நல்ல கறுப்பு.

“இந்தக் கலருக்கு வெள்ளைன்னு அர்த்தம் வருத பேரா? எம்புட்டு கேலி பண்ணியிருப்பாளுக தெரியுமாப்பா? தவக்களையே இருக்கட்டும். அதுக்காவது ஒரு ராஜ்யம் இருக்கு.”

முன் சீட்டில் மனைவியின் தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

மறுநாள் கம்பெனியில் படம் எப்படி என்று கேட்டார்கள்.

பரவாயில்லை, கதாநாயகி பெயரை மட்டும் தப்பாகச் சொல்கிறார்கள் என்றேன்.