ஓய்வுக்கு ஒரு மாத வெள்ளோட்டம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது தொண்ணூற்றேழு பங்குனியில். ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்னாலேயே ஒரு தடவை ஓய்வு பெற்றுப் பார்த்துவிட்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். என் தொழில் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். அதில் இருபத்திரண்டு வருஷம் டெஸ்டிங் செக்‌ஷன். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகிற மோட்டார் எதுவானாலும் பெட்டியில் ஏறுவதற்கு முன் என் பெஞ்சில் ஏறி ஓட வேண்டும். படிப்பு எனக்கு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். என்னை முதலில் அந்த பெஞ்சில் நிற்க வைத்த போர்மேன் ஒரு பேச்சு சொல்வார்: “சும்மா ஓட்டுனா எல்லா மோட்டாரும் நல்ல மோட்டாருதானுங்க. தண்ணிய மேல ஏத்தச் சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும் அதும்பட யோக்கியத.”

எனக்கு ஓய்வு நெருங்க நெருங்க அந்தப் பேச்சுத்தான் ஞாபகத்தில் வந்துகொண்டிருந்தது. ஏனென்றால் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்கு வந்து டீ குடிப்பார். வீடு அங்கிருந்து நாலு மைல். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால், “முப்பது வருசம் கடியாரம் என்னைய ஓட்டுச்சுங்க. இப்ப நானு கடியாரத்த ஓட்டறேன். நகர மாட்டேங்குது” என்பார். இன்னொருவர் வந்த பணத்தை எல்லாம் நல்ல வட்டி என்று ஒரு பைனான்ஸில் போட்டுவிட்டு, வட்டி வராத மாதங்களில் எங்களைப் பார்த்தால் வேறு வீதியில் திரும்பிப் போவார்.

பணம் வரப்போகிறது என்றால் மோப்பம் பிடித்து ஆள் வந்துவிடும். தேக்கு மரத்தில் பங்கு என்று ஒருவர் படம் போட்ட காகிதத்தோடு வந்தார். சூலூர் தாண்டி சைட்டு இருக்கிறது, பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று இன்னொருவர் மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நான் பார்த்தவரை அங்கே பஸ்ஸே வரவில்லை. இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, நாற்பது பக்க நோட்டில் நானே ஒரு திட்டம் எழுதினேன். கிராஜுவிட்டியும் பிராவிடண்ட் பண்டும் வந்ததும் பெரும்பங்கு போஸ்ட் ஆபீஸில், மாதா மாதம் வட்டி வருகிற மாதிரி. ஒரு பங்கு வைத்தியம், கைச்செலவு என்று பேங்கில். மீதிக்கு முன் அறையை இடித்துப் பெரிதாக்கி, ஆர்ச் வைத்து, கலர் டி.வி.க்கு ஷோகேஸ். புதிதாக வந்திருந்த பென்ஷனும் கொஞ்சம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியாக எழுதினேன்: “தையல் – இப்போது போலவே.”

தையல் என் வீட்டம்மாவுடையது. எங்கள் வீடு சிங்காநல்லூரில் முன் அறை, உள் அறை, சமையற்கட்டு என்று மூன்றேதான். முன் அறைச் சன்னலோரம் அவளுடைய மெஷின். பதினெட்டு வருஷமாக அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்துவந்தாள். மகள் காலேஜ் படித்ததில் பாதி அந்த மெஷின் படித்தது. அந்த வருமானம் இருந்தால்தான் என் நோட்டுக் கணக்கு நிற்கும். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலும், ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிற மகனிடத்திலும் கையேந்தாமல் நாங்கள் இருவரும் காலம் தள்ளுவது அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது. அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குச் சுவர் இருப்பதுபோலத் தையலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு மாதம் லீவு போட்டேன். சேர்ந்து கிடந்த லீவுதான். ஓய்வுக்குப் பின் என்ன வருமோ அந்தத் தொகையை மட்டும் எண்ணி வீட்டம்மா கையில் கொடுத்து, இந்த மாதம் இவ்வளவுதான், இதற்கு மேல் சம்பளத்தைத் தொடக் கூடாது, ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அவள் பணத்தை வாங்கி அரிசி டின்னுக்கு மேலே வைத்தாள். “ஒரு மாசமுங்களா? ஒரு வாரம் போதுமுங்களே” என்றாள். செலவுக்கு ஒரு வாரம் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். காலையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற நேரத்துக்கு நானே குடம் வைத்தேன். ஒன்பது மணிக்கு முன் அறையில், கேட்டுக்கு நேராக நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவன் நான். விளம்பரம் உட்பட ஒரு வரி விடமாட்டேன். வீட்டம்மா சன்னலோரம் தைத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் பகல் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

பெண்கள் வருவார்கள். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாற்காலியை அவர்களுக்குத் தள்ளிப் போட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மழை உண்டா, பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்பேன். பேச்சு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களோ, நீங்க உக்காருங்க, நீங்க எந்திரிக்காதீங்க என்று பதறுவார்கள். நான் இருக்கட்டுமுங்க என்பேன். அவர்களும் இருக்கட்டுமுங்க என்பார்கள். இப்படி இருவரும் நின்றுகொண்டே ஐந்து நிமிஷம் பேசிய பிறகு, சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க, அக்காவ அப்பறமாப் பார்க்கறேனுங்க என்று போய்விடுவார்கள். இந்த வட்டாரத்தில் நமக்கு எவ்வளவு மரியாதை, கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்ததில் இதெல்லாம் தெரியாமல் போயிற்றே என்று நெகிழ்ந்துகொண்டேன்.

இரண்டாவது வாரம் மெஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மூன்றாவது வாரம் மத்தியானங்களில் கேட்கவே இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் மோட்டார் சத்தம் மாறினால் தூக்கத்திலும் சொல்லக்கூடியவன் நான்.

இருபத்திரண்டாம் நாள் வீட்டம்மா, காஸ் சிலிண்டருக்குப் பணம் இல்லை என்றாள். நான் நோட்டை எடுத்தேன். பால், மளிகை, கரண்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. காய்கறி விலை ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, உடுமலைப்பேட்டையில் இருக்கிற என் தங்கைக்குக் கடிதம் போட்டு மாதம் ஒரு மூட்டை தேங்காயும் காயும் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாமா என்று வீட்டம்மாவைக் கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “எதுக்குங்க, பாவம்” என்றாள்.

மறுநாள் வீதிக் கோடியில் மாவு மில் வைத்திருந்த அம்மா வந்தார். என் வயசுதான் இருக்கும். புருஷன் போன பிறகு மில்லைத் தனியாக நடத்தியவர். பெல்ட் அறுந்தாலும் கரண்டு போனாலும் யாரையும் கூப்பிடாதவர். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேச வராது. கையில் ஒரு துணிப் பை. நான் வழக்கம்போல எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். அவர் உட்காரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

“ஏனுங்க, உங்களுக்கு லீவு எப்ப முடியுதுங்க?” என்றார்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்றேன்.

“அப்பச் சரிங்க. எட்டு நாள் கழிச்சே இந்தத் துணியக் கொண்டாரேன்.”

உள்ளேதான் இருக்கிறாள், இப்போதே கொடுத்துவிடுங்களேன் என்றேன்.

“அளவு எடுக்கோணுமுங்க. உங்கள நடு ஊட்டுல வெச்சுட்டா எடுக்கறது? இந்த வீதில பாதிப் பொம்பளைக துணிய மடில கட்டிக்கிட்டு உங்க லீவு முடியறதுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறோம். சொல்லக் கூச்சப்பட்டுட்டு ஒவ்வொருத்தியும் திரும்பித் திரும்பிப் போறா.”

அவர் அதோடு விடவில்லை.

“இதுல பங்குனிக்கு மேல வேற டைலரப் பாத்துக்கங்கன்னு உங்க ஊட்டு அம்மணி எல்லாருகிட்டயும் சொல்லீருச்சு. சரி, பேத்தி கல்யாணத்துக்கு இப்பவே தெச்சு வெச்சுக்கலாம்னு வந்தா, நீங்க இப்பவே ரிட்டயராயி உக்காந்துட்டீங்க.”

அவர் போன பிறகு நான் உள்ளே போனேன். வீட்டம்மா சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்க வழியில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கீரையை விட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்:

“உங்க ஊட்டுல நீங்க உக்காரக் கூடாதுன்னு நான் எப்படிங்க சொல்றது?”

தண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, “முப்பது வருசமா நின்னே வேலை செஞ்ச ஆளு. இனியாச்சும் உக்காரட்டும்னுதான் மெசின நிறுத்திப்போடலாம்னு இருந்தேன்” என்றாள்.

நிறுத்தினால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள். அதுதான் பதில். அந்த மெஷினைச் சுற்றித்தான் அவளுக்கு ஊர் உலகம் எல்லாம். கொக்கி வைக்கிற நேரத்தில் எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன், யார் மாமியார் என்ன சொன்னாள் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. நான் ஏழு மணிக்குக் கிளம்பிப் போன பிறகு என் வீட்டில் ஒரு கம்பெனி நடந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நோட்டில் எல்லா வரவையும் எழுதினேன். என்னை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் எழுதவில்லை.

வெள்ளோட்டம் எதற்கு? கோளாறு தெரிவதற்குத்தானே. இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதல் நாள் சூலூருக்கு பஸ் ஏறி என் மச்சான் தறிக்குடோனுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் நூலகம். அங்கே பேசினால் முறைக்கிறார்கள். மூன்றாம் நாள், எங்கள் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து தனியாக ரீவைண்டிங் கடை போட்டிருந்த ஒருவரிடம் போய் நின்றேன். “ஓரமா உக்காருங்கண்ணா” என்றவர், பத்து நிமிஷத்தில் எரிந்துபோன மிக்ஸி மோட்டார் ஒன்றை என் மடியில் வைத்தார். மீதி நாளெல்லாம் அங்கேதான். வருகிறவர்களோடு பேச்சு, கைக்கு வேலை, மத்தியானம் டிபன் பாக்ஸ்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன் அறை முழுக்கத் துணி. வீட்டம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. சாதம் குழைந்திருந்தது. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். லீவு முடிவதற்குள் காஸ் சிலிண்டர் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து ஆர்ச்சையும் ஷோகேஸையும் அடித்தேன். வீட்டுக்குக் கிழக்கே எட்டடி அகலத்தில் ஒரு சந்து, வெந்நீர் அடுப்பும் பழைய சைக்கிளும் கிடக்கும். அங்கே உனக்குத் தனியாக ஒரு தையல் அறை கட்டித் தருகிறேன் என்றேன். அவள் எழுந்து போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ரூம உங்களுக்குக் கட்டிக்குங்க” என்றாள். “எனக்கு இந்தச் சன்னல் வெளிச்சம் வேணுமுங்க.”

அப்படித்தான், பிராவிடண்ட் பண்டில் முன்பணம் எடுத்ததில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை, வீதியைப் பார்த்துத் தனிக் கதவோடு எனக்குக் கிடைத்தது. கம்பெனியில் இருந்த கடைசி மாதங்களில் சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒரு பெஞ்சு, ஒரு மீட்டர், கையால் சுற்றுகிற ஒரு வைண்டிங் மெஷின் என்று சேர்த்தேன். கொத்தனார் என்ன கடையா என்று கேட்டார். டெஸ்டிங் செக்‌ஷன் என்றேன்.

பங்குனிக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் மாலையும் சால்வையும் போட்டு வேனில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். சுவர்க் கடியாரம் ஒன்றும் கொடுத்தார்கள். மாவு மில் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைல இருந்து எந்த வாசல்லீங்க?” என்று கேட்டார். கிழக்கு வாசல் என்று காட்டினேன். “அப்ப நாளைக்கே துணி கொண்டாரேன்” என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டம்மா வழக்கம்போல டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தாள். பத்தடி தூரத்துக்கு எதற்கு என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்து வீதிக்கு வந்தேன். துணிப் பையோடு இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். ஒதுங்கி நின்று வழி விட்டேன்.

“வேலைக்குங்களா?” என்றாள் ஒருத்தி.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டுச் சந்துக் கதவைத் திறந்தேன். உள்ளே போய் உட்கார்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.