குப்புறக் கிடந்த நாட்களில் மாசாணி அம்மன் காட்டிய படிப்பு

என் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கியது. போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணைக் கசக்கினேன். முகம் கழுவினேன். திரை போகவில்லை. மறுநாள் விடிந்தபோது அது பாதிக் கண்ணை மூடியிருந்தது. இடது கண் எனக்குப் பிறவியிலேயே மங்கல். நம்பி இருந்தது அந்த ஒரு கண்தான்.

நான் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தென்னை விவசாயியின் மகள். அம்மா இல்லை. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். பல்லடத்தில் விசைத்தறி வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் தொண்டு அமைப்பில் வேலை பார்த்தேன். சேர்த்த பிள்ளைகள் பலர், குடும்பம் வேறு ஊருக்கு நகர்ந்ததும் காணாமல் போய்விடுவார்கள். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் சர்வதேச வளர்ச்சி பற்றிய முதுகலைப் படிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்பு, டெல்லியில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒன்று. எதை எடுப்பது என்று குழம்பிக் கிடந்தேன்.

அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. "டாக்டருங்கறாங்க, எஞ்சினியருங்கறாங்க, புரியுது. வளர்ச்சிங்கறது ஒரு படிப்பா அம்மணி?" என்பார். தோப்புக்குக் கிளம்பிவிடுவார். அதோடு பேச்சு முடிந்துபோகும்.

கோவையில் கண் மருத்துவமனைக்கு ஓடினோம். விழித்திரை கழன்றுவிட்டது, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதனால் இரவும் பகலும் குப்புறவே இருக்க வேண்டும். குமிழி கரையும்வரை விமானம் ஏறவே கூடாது.

"பார்வை முழுசா வந்துருமுங்களா டாக்டர்?" அப்பா கேட்டார்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க. பொறுத்துத்தான் பாக்கோணும்."

வீடு திரும்பிய பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும் தலையணையும்தான். கழுத்து இற்றுப்போகும். சோறு அப்பா ஊட்டினார். அழவும் பயம், அழுதால் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. இங்கிலாந்துப் படிப்பு போயிற்று. மற்றவையும் போனதாகவே நினைத்தேன். கண் இல்லாதவள் எதைப் படிப்பாள்? நான் எதற்கு இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு மத்தியானம் முடியாமல் போய் வாய்விட்டுக் கதறினேன். "ஆனைமலை மாசாணித் தாயே! நீ வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறாய். நான் தரையைப் பார்த்துக் கிடக்கிறேன். கண்ணைக் கொடு. கொடுக்க மாட்டாய் என்றால், கண் இல்லாமல் பிழைக்க ஒரு வழியாவது காட்டு. இப்படியே விட்டுவிடாதே!"

விசும்பியபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். "நீ பேசவே மாட்டீங்கறே கண்ணு. உன்ற லேப்டாப்புல என்னமோ தொறந்தே கெடக்குது. படிச்சுக் காட்டட்டுமா?"

பத்தாவதுவரை தமிழில் படித்தவர் அவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். "டெ... வ... லப்... மென்ட்" என்று ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆயிற்று. நான் தரையைப் பார்த்தபடியே அர்த்தம் சொன்னேன். தினமும் வாசித்தார். டெல்லிப் படிப்பு, ஆன்லைன் படிப்பு, கடைசியாகப் பெங்களூர்.

"மைக்ரேசன்னு போட்டிருக்குது. அப்படின்னா?"

"பொழப்புக்கு ஊரு உட்டு ஊரு போறதுங்கப்பா."

வாசிப்பதை நிறுத்திவிட்டு அப்பா கேட்டார். "நம்ம தோப்புக்குக் காய் உரிக்க வர்றவங்க மாதிரியா?"

"ஆமாங்கப்பா. அவங்க கொழந்தைங்களப் பத்தித்தான் நான் படிக்கோணும்னேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு!" அவர் குரல் உடைந்தது. "பெங்களூருக்கே போடு. ராத்திரி பஸ் ஏறுனா காத்தால நான் வந்து நின்னுருவேன்."

நான் சொல்லச் சொல்ல அப்பாவே விண்ணப்பித்தார். நேர்காணலைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளப் பெங்களூரில் சம்மதித்தார்கள். அப்பா போனைப் பிடித்துக்கொள்ள, குப்புறக் கிடந்தபடியே பதில் சொன்னேன். என் கண்ணைப் பற்றியும் சொன்னேன். பாடங்களை வாசித்துச் சொல்லும் மென்பொருள் தங்களிடம் இருக்கிறது, தயங்காமல் வாருங்கள் என்றார்கள். கண் வராவிட்டாலும் வழி உண்டு என்று அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஒருநாள், நிமிர்ந்து உட்காரலாம் என்று மருத்துவர் சொன்னார். கண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் போல ஒரு கோடு ஆடிக்கொண்டிருந்தது. குமிழி கரையக் கரைய அந்தக் கோடு கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே தெளிவு! முதலில் அப்பாவின் நரைத்த முடி தெரிந்தது. சில நாளில் நெற்றித் திருநீறு. அப்புறம் அவர் கண்கள்.

"தெரியுதுங்களாப்பா?" என்று என்னைக் கேட்டார். பதற்றத்தில் மகளையே அப்பா என்கிறார். சிரித்துக்கொண்டே அழுதேன்.

பார்வை முழுவதும் வரவில்லை. நேர்கோடுகள் இன்னும் கொஞ்சம் நெளிந்துதான் தெரிகின்றன. சிறிய எழுத்துகளைக் காதால்தான் படிக்கிறேன். ஆனாலும் படிக்கிறேன். இதை எழுதுவதும் பெங்களூர் விடுதி அறையிலிருந்துதான்.

உங்களில் யாருக்காவது கண்ணில் நிழல் விழுந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கூடவே மாசாணித் தாயிடமும் சொல்லுங்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம், எனக்கு வந்ததெல்லாம் கதறல்தான். அவள் கேட்டாள். எனக்குக் கேட்கத் தெரியாத அப்பாவின் மனதையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் அப்பாவும் நானும் ஆனைமலைக்குப் போனோம். வேண்டிக்கொள் என்றார் அப்பா. எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கூட்டம் நகரச் சொல்லும்வரை, அவளைப் பாதம் முதல் தலைவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.